வெட்டு என்றொரு கட்டளை

ஜெஸ்லினுக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. அன்று காலையில் நாற்காலியை விட்டு எழுந்தாள், அடுக்களைக்குப் போனாள், தண்ணீர் குடிக்கப் போனதை மறந்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள், மறுபடியும் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு வரி காணாமல் போயிருந்தது. அது காணாமல் போனதுதான் இத்தனை கொண்டாட்டத்துக்கும் காரணம்.

ஒரு வரியை வெட்டுவதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்பீர்கள். கேட்கிறவர்கள் தமிழில் மூச்சுவிடாமல் தட்டிக்கொண்டே நடுவில் ஒரு தப்பு வரியை வெட்டிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். எழுதுவதற்கு அவள் வைத்திருக்கும் எடிட்டர் என்ற மென்பொருள் லேசுப்பட்டதில்லை. நாமே கட்டளை எழுதிச் சேர்த்துவிட்டால் சொன்னபடி ஆடும். ஆனால் அதற்குப் பிறவியிலேயே தெரிந்தது இங்கிலீஷ் எழுத்து மட்டும். கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு டபிள்யூவைத் தட்டினால் வெட்டும். தமிழுக்கு மாறியிருக்கும்போது அதே விசை 'ஈ' ஆகிவிடுகிறது. ஈயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம், முழிக்கும். ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷுக்கு மாறி, வெட்டி, திரும்பத் தமிழுக்கு வருவதற்குள் பேசுகிறவர் பாதிக் கதையைத் தாண்டிப் போயிருப்பார்.

ஜெஸ்லினின் பிழைப்பே பேசுகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதுதான். தம்பானூரில் பஸ் சத்தம் நேராகக் காதுக்குள் விழுகிற ஒரு மாடி அலுவலகத்தில், வீடியோக்களுக்கு அடியில் ஓடும் தமிழ் எழுத்தைத் தட்டிக் கொடுக்கிறாள். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் அங்கே பேசுகிறவர்களை நிறுத்தி வைக்கலாம், பின்னால் இழுக்கலாம், திரும்பப் பேச வைக்கலாம். வரப்போகிற காரியத்தில் அது நடக்காது. அங்கே பேசப்போவது சொந்தக்காரர்கள்.

காரியம் என்னவென்றால், அவளுடைய அக்கா ரோஸுக்கு நிச்சயம். ரோஸுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதில் ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சல் போனது, போகும்போது காதையும் கொண்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை, வாசிப்பும் போகவில்லை, வாய்த் துடுக்கும் போகவில்லை. ஒருவர் எதிரே நின்று பேசினால் தமிழானாலும் மலையாளமானாலும் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். சாலை என்கிற கடைத்தெருவில் அப்பா சுவாமிதாஸின் ஆணி, பூட்டு, சங்கிலிக் கடையை அவள்தான் நடத்துகிறாள். நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில்தான் அவளுக்குச் சங்கடம். எந்த வாயைப் பார்ப்பது? எல்லாரும் சிரிப்பார்கள். அவள் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு என்ன என்று கேட்பாள். "ஒண்ணும் இல்ல, பிறகு சொல்லுறேன்" என்பார்கள். அந்தப் பிறகு வரவே வராது.

இதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். என்னவோ ஒன்று சொல்லி அத்தனை பேரும் சிரித்தார்கள். ரோஸ் கேட்டாள். அம்மா, "ஒண்ணும் இல்ல மோளே" என்றாள். அவர்கள் போன பிறகு மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒருத்திதான் சொன்னாள், சிரித்தது ரோஸைப் பற்றித்தான் என்று. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ரோஸ் அழவெல்லாம் இல்லை. மறுநாள் கடையில் ஒரு கிலோ ஆணி கேட்டவனிடம் எரிந்து விழுந்தாள், அவ்வளவுதான்.

இப்போது வந்திருப்பவன் ஷிஜு. விழிஞ்ஞம் துறைமுகத்தில், கப்பலில் வரும் பெரிய பெரிய பெட்டிகளைக் கட்டி அவிழ்க்கும் கூட்டத்தில் வேலை. முதல்முதலாகக் கடைக்கு வந்தது வீட்டுக் கேட்டுக்குச் சங்கிலி வாங்க. வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் விரித்து இத்தனை நீளம் என்று காட்டினான், ஒரு விரலை மடக்கி இத்தனை கனம் என்று காட்டினான். காது கேட்காதவள் என்று தெரிந்து கிண்டல் பண்ணுகிறான் என்று ரோஸ் அவனைப் பிடித்து ஏசிவிட்டாள். பாவம், அவன் நேராக வேலையிலிருந்து வந்தவன். நாள் முழுக்க இரைச்சலுக்கு நடுவே கையிலேயே பேசிப் பேசிக் கை நிற்கவில்லை. அவளுக்குக் காது கேட்காது என்பதே அவள் ஏசி முடித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் சபையில் இரண்டு குடும்பத்தையும் தெரிந்த யாரோ வழியாகப் பெண் கேட்டு வந்தார்கள்.

ரோஸ் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அதுவும் ஷிஜுவுக்கு இல்லை, தங்கச்சிக்கு.

"நிச்சயத்தன்னைக்கு அந்த ஹாலில யாரு என்ன சொன்னாலும் எனக்கு அப்பவே தெரியணும். எல்லாரும் சிரிக்கும்போ நானும் கூடச் சிரிக்கணும். பிறகு இல்ல."

ஜெஸ்லின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மேடைக்குப் பக்கத்தில் பெரிய டிவி, அதில் எடிட்டர், எழுத்தெல்லாம் குடம் குடமாக. பேசப் பேச இவள் தட்டுவாள், ரோஸ் வாசிப்பாள். அதற்குத்தான் இந்த வெட்டு. விசையே வேண்டாம், சொல்லையே கட்டளையாக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். தனி வரியில் 'வெட்டு' என்று தட்டி எண்டரை அமுக்கினால், அதற்கு மேலே இருக்கும் வரி போய்விட வேண்டும், கூடவே வெட்டு என்ற சொல்லும் சத்தமில்லாமல் போய்விட வேண்டும்.

முதலில் எழுதியது தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. மேலே இருந்த தப்பு வரி அப்படியே நின்று பல்லைக் காட்டியது. அடுத்ததாக, வரியை விட்டுவிட்டு எழுத்துக் கணக்கில் வெட்டிப் பார்த்தாள். அது இன்னும் மோசம். 'போ' என்பதில் பகரத்தை வெட்டிவிட்டுக் கொம்பையும் காலையும் விட்டுவிட்டது. அவை இரண்டும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு திரையில் அநாதையாக நின்றன. கணினிக்குத் தமிழ் எழுத்தென்றால் அது ஒட்டவைத்த துண்டுகள்தான் போல. சரி, முழு வரிதான் என்று பழைய வழிக்கே வந்து, திருத்தி எழுதி, தட்டிப் பார்த்தபோதுதான் அந்த வரி காணாமல் போனது. அவளும் தண்ணீர் குடிக்கப் போனாள்.

ரோஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். 'இன்று மழை பெய்யும்' என்று தட்டினாள். கீழே 'வெட்டு'. எண்டர். மழை போய்விட்டது. ஜெஸ்லின் பெருமை தாங்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

ரோஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போனது எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

போச்சு, அவ்வளவுதான் என்று ஜெஸ்லின் கையை விரித்தாள்.

"எடி, கடையில நான் சங்கிலி வெட்டிக் குடுக்கேன். வெட்டின துண்டு வாங்கினவன் கையில இருக்கும். எங்கயும் ஆவியாப் போகாது. இது வெட்டு இல்ல, அழிப்பாக்கும்."

எல்லாம் ஒன்றுதானே, தப்பு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று ஜெஸ்லின் கேட்டாள். ரோஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பு எது என்று நீ முடிவு பண்ணுவாயா என்று திருப்பிக் கேட்டாள். இத்தனை வருஷமாக எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று மற்றவர்கள்தான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்கிறார்கள், இப்போது கணினியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டதா என்றாள். வெட்டினதெல்லாம் ஒரு இடத்தில் இருக்க வேண்டும், நான் கேட்டால் நீ காட்ட வேண்டும், சொன்ன வரிசையிலேயே காட்ட வேண்டும். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

ஜெஸ்லின் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு உடம்பெல்லாம் பரபரவென்று வந்தது, ஏனென்றால் அக்கா சொன்னதில் நியாயம் இருந்ததோடு ஒரு நல்ல வேலையும் இருந்தது. வெட்டிய வரி ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து வெட்டியது என்ற அடையாளத்தோடு ஒரு மூலையில் சேர்த்து வைக்க வேண்டும். 'ஒட்டு' என்றால் கடைசியாக வெட்டியது மட்டும் திரும்ப வரும். இன்னொரு தடவை 'ஒட்டு' என்றால் அதற்கு முந்தியது. 'எல்லாம் ஒட்டு' என்றால் வெட்டியவை அத்தனையும், பேசிய வரிசைப்படி, அதனதன் இடத்தில் வந்து உட்கார வேண்டும். மதியச் சோற்றைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினாள். பொழுது சாய்வதற்குள் மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டன. கடையிலிருந்து வந்த ரோஸ், நின்ற நிலையிலேயே இருபது தடவையாவது வெட்டி ஒட்டிப் பார்த்தாள். இப்போதுதான் இது சங்கிலி என்றாள். அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

நிச்சயத்துக்குச் சபைக்குப் பின்னால் இருந்த கூடம் கொள்ளாமல் ஆட்கள். சாலைக் கடைக்காரர்கள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பாறசாலைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஷிஜுவோடு வேலை செய்கிற மலையாளத்துப் பையன்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள். மேடையில் ரோஸும் ஷிஜுவும். மேடைக்கு வலப்புறம் டிவி. இடப்புறம் முன்வரிசையை ஒட்டினாற்போல ஒரு மேசை, அதில் லேப்டாப், அதற்கு முன்னால் ஜெஸ்லின். அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை, பந்தயத்துக்கு நிற்கிற குதிரை மாதிரி, எப்போது விடுவார்கள் என்றிருந்தது.

முதலில் சுவாமிதாஸ் மைக்கைப் பிடித்தார். அவர் பேசப் பேச அவர் சொன்னதே டிவியில் எழுத்தாக ஓடுவதைப் பார்த்ததும் மனுஷருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கூட்டமும் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு டிவியைப் பார்த்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லி, அது வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்து, வந்த பிறகு அடுத்த வார்த்தை சொன்னார். "எங்கட ரோஸு கடையில இருந்ததுனால நான் இத்தனை நாளும் முதலாளியா இருந்தேன். இனி நான் வேலைக்காரன். அதனால இந்தக் கல்யாணத்தில சங்கடம் எனக்கு மட்டுந்தான்."

கடைசிச் சொல் டிவியில் விழுந்ததும் கூடமே சிரித்தது. ரோஸும் சிரித்தாள். யார் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டு சிரிக்கவில்லை, கூட்டத்தோடு கூட்டமாக, அந்த நேரத்திலேயே சிரித்தாள். ஜெஸ்லினுக்கு எழுந்து ஒரு ஆட்டம் போடலாமா என்றிருந்தது. கை கீபோர்டில் இருந்ததால் கூடம் தப்பித்தது.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ராஜபாய் மாமி வாயைத் திறந்தாள். ஷிஜுவின் அப்பாவுக்கு அக்கா. முன்வரிசையில், ஜெஸ்லினுக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். மெதுவாகப் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டு பேசுவது வாசல் வரைக்கும் கேட்கும்.

"பொண்ணு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கா. செவி கேக்காதே, அதாக்கும் எனக்குக் கவலை. வீட்டில ஒரு ஆளு வந்து கதவைத் தட்டினா ஆரு திறக்கும்?"

ஜெஸ்லினுக்குக் காதில் விழுந்தது விரலுக்குப் போவதற்கு மூளை வழியாகப் போக வேண்டியதில்லை, வேலை அப்படிப் பழக்கிவிட்டிருந்தது. மாமி சொன்னது அப்படியே டிவியில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் இவள் வாசித்தாள். வாசித்ததும் அக்காவைப் பார்த்தாள். ரோஸ் அப்போது விரலில் புதிதாக ஏறியிருந்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸ்லின் 'வெட்டு' என்று தட்டினாள். எண்டர். மாமியின் வரி போய்விட்டது.

ஆனால் ஷிஜு கேட்டுவிட்டான். மைக் அவன் கைக்கு வந்திருந்தது.

"மாமி, வேலைக்கு ஏறினா எனக்கும் செவி கேக்காது. காதை அடைச்சிட்டுத்தான் நாங்க நிக்கது. எல்லாம் கையிலதான் பேச்சு. இந்தக் காரியத்தில ரோஸ் எனக்கு சீனியராக்கும்."

கூடம் அதிர்ந்தது. பின்னால் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். ஜெஸ்லினின் விரல்கள் அதையும் தட்டிவிட்டிருந்தன. இப்போது என்ன செய்வது? கேள்வி இல்லாமல் பதில் மட்டும் நின்றால் ரோஸ் கேள்வி எங்கே என்று கேட்பாள். யோசிக்க நேரமில்லை. 'வெட்டு'. எண்டர். அதுவும் போய்விட்டது.

ரோஸ் நிமிர்ந்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிவியைப் பார்த்தாள். அப்பா சொன்ன பழைய வரிதான் இருந்தது. ஷிஜுவைப் பார்த்தாள், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு மேடையிலிருந்து நேராக ஜெஸ்லினைப் பார்த்து, என்ன என்று புருவத்தைத் தூக்கினாள்.

ஜெஸ்லினின் வாய் தானாகச் சொன்னது. "ஒண்ணும் இல்ல."

சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. உலகத்திலேயே ரோஸுக்கு வாசிக்க ரொம்பச் சுலபமான உதடு தங்கச்சியின் உதடுதான். வாசித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் டிவி பக்கமே பார்க்கவில்லை.

ஜெஸ்லினுக்கு அப்படியே பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. எந்தச் சொல்லை ஒழிப்பதற்காக இந்தப் பாடெல்லாம் பட்டாளோ, அந்தச் சொல்லையே சொல்லித் தொலைத்திருக்கிறாள். போதகர் ஜெபம் செய்தார், தட்டினாள். ஷிஜுவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், அதையும் தட்டினாள். "எனக்கு மைக்கில பேச வராது. ரோஸு, அன்னைக்குக் கடையில நீ என்னை ஏசினியே. ஏச்சு வாங்கிட்டு வீட்டுக்குப் போய் அம்மைகிட்ட சொன்னேன், கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னு." அவ்வளவுதான் பேசினான். டிவியில் பளிச்சென்று வந்தது. ஊரே அதை வாசித்தது. வாசிக்க வேண்டியவள் மட்டும் மேடையில் போட்டிருந்த மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கேக் வந்துவிட்டது. பின்னால் நின்ற மலையாளத்துப் பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. "முறிக்கெடா ஷிஜு" என்று, வெட்டுடா என்பதை மலையாளத்தில் சொல்லி, குரல் கொடுத்தார்கள். ஜெஸ்லின் அதைத் தட்டினாள். அது பாட்டுக்கு ஒரு வரியாக நின்றது. அந்தப் பையன்கள் கை ஓங்கியிருந்தால் ஒரு ஆபத்தும் வந்திருக்காது. ஆனால் சாலைக் கடைக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? அவர்கள் எண்ணிக்கையும் அதிகம், தொண்டையும் அதிகம். வெட்டு, வெட்டு, வெட்டு என்று ஆரம்பித்தார்கள், குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள், கைதட்டலும் சேர்ந்துகொண்டது.

மனசு எங்கோ கிடக்க, விரல்கள் வேலையைச் செய்தன. வெட்டு. எண்டர். வெட்டு. எண்டர். முதல் வெட்டு முறிக்கெடாவைத் தின்றது. அடுத்தது ஷிஜு கடைசியாகச் சொன்னதைத் தின்றது. அதற்கடுத்தது அதற்கு முன்னால் சொன்னதை. கூட்டம் நிறுத்தவில்லை, ஜெஸ்லினும் நிறுத்தவில்லை. போதகரின் ஜெபம் போனது, அப்பாவின் முதலாளித்தனம் போனது. டிவி கீழிருந்து மேலாகக் காலியாகிக்கொண்டே வந்தது.

ஷிஜுவுக்கு ரோஸின் முகம் சரியில்லை என்று பட்டிருந்தது. தான் சொன்னதை அவள் வாசிக்கவில்லை என்பதும் தெரிந்திருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைத் தொட்டு, டிவியைக் கையால் காட்டினான், பார் என்று. ரோஸ் திரும்பினாள். அவள் கண்ணுக்கு முன்னால் கடைசி வரியும் மறைந்தது. திரை வெள்ளை வெளேரென்று நின்றது.

அப்போதுதான் ஜெஸ்லினுக்குச் சுரணை வந்தது. கூட்டம் சத்தத்தை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தது. எல்லாம் போச்சா என்று சுவாமிதாஸ் வாய்விட்டே கேட்டார்.

போகவில்லை. எதுவும் போகவில்லை. அத்தனையும் மூலையில் பத்திரமாக இருந்தது. 'ஒட்டு' என்று தட்டினால் போதும், ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அப்பா வருவார், போதகர் வருவார், ஷிஜு வருவான். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வெட்டின இரண்டு வரியும் அடியிலேயே கிடக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ராஜபாய் மாமிக்கும் மானம் தப்பும், நல்ல நாளும் நல்லபடியாக முடியும். ஜெஸ்லினின் விரல் 'ஒ'வின் மேல் போய்விட்டது.

தலையைத் தூக்கினாள். ரோஸ் டிவியைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. இவளும் இப்படித்தான், போகட்டும் என்று விட்டுவிட்ட பார்வை. அதைத்தான் ஜெஸ்லினால் தாங்க முடியவில்லை.

'எல்லாம் ஒட்டு' என்று தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு எண்டரை அமுக்கினாள்.

வந்தன. சுவாமிதாஸின் சங்கடம் வந்தது. அதற்குக் கீழே, கூடத்தில் இருந்த அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால், குடம் குடமான எழுத்தில், பொண்ணு கொள்ளாம், செவி கேக்காதே, கதவைத் தட்டினா ஆரு திறக்கும் என்று வந்து நின்றது. அதற்குக் கீழே ஷிஜுவின் பதில். அதற்குக் கீழே ஜெபம். அதற்குக் கீழே ஏச்சு வாங்கின கதை. கடைசியில் முறிக்கெடா ஷிஜு.

கூடமே அதை வாசித்தது. ராஜபாய் மாமி தான் சொன்னதைத் தானே வாசித்தாள். பேசும்போது இல்லாத கனம் எழுத்தில் இருந்ததோ என்னவோ, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அம்மா ஜெஸ்லினைப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வா உனக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தது.

ரோஸ் வாசித்தாள். நிதானமாக வாசித்தாள். மாமியின் வரியில் அவள் கண் கொஞ்சம் நின்றது. கீழே இறங்கியது. சீனியராக்கும் என்ற இடத்துக்கு வந்தது.

சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தக் கூடத்தில் அப்போது அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷிஜு சிரித்தான். பிறகு பின்னால் நின்ற பையன்கள், பிறகு சாலைக் கடைக்காரர்கள், பிறகு மற்றவர்கள். பிறந்ததிலிருந்து ஜெஸ்லின் பார்த்திராத ஒன்று அது. இந்தத் தடவை ஊர்தான் ரோஸுக்குப் பிந்திச் சிரித்தது.

மிச்சத்தையும் வாசித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோஸ் ஷிஜுவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"மாமி, நீங்க கேட்டது சரிதான். கதவைத் தட்டினா நான் திறக்க மாட்டேன். நீங்க தட்டண்டாம். நேரா உள்ள வாங்க."

ஜெஸ்லின் அதைத் தட்டினாள். அவசரத்தில் இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தவில்லை. ராஜபாய் மாமி நிமிர்ந்து டிவியில் அதை ஒரு தடவை வாசித்தாள், பிறகு ரோஸின் முகத்தைப் பார்த்தாள். "வாறேன் மோளே" என்று, இந்தத் தடவை உண்மையிலேயே மெதுவாகச் சொன்னாள். ரோஸ் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கேக்கை வெட்டவில்லை, அப்படியே விட்டுவிட்டு ரோஸ் மேடையிலிருந்து இறங்கினாள். பட்டுச்சேலை சரசரக்க நேராக ஜெஸ்லினின் மேசைக்கு வந்தாள். ஏசப் போகிறாள், நன்றாக வாங்கிக்கொள்வோம் என்று ஜெஸ்லின் எழுந்து நின்றாள். ரோஸ் அவளை இடுப்பில் இடித்து நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு விரலால், தேடித் தேடி, தட்ட ஆரம்பித்தாள். ஊரே டிவியைப் பார்த்தது.

'ஒண்ணும் இல்ல' என்று வந்தது.

அதைத் தங்கச்சி வாசித்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள். ஜெஸ்லின் தலையை ஆட்டினாள், கண்ணீர் கீபோர்டில் விழாமல் இருக்கப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ரோஸ் அடுத்த வரியில் 'வெட்டு' என்று தட்டினாள். எண்டரை ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.

அந்தச் சொல் போய்விட்டது.

"இதை மட்டும் ஒட்டாதே" என்றாள் ரோஸ்.